முதலில் புகையை விட்டேன், நிக்கோட்டினைப் பிறகு விட்டேன்

தென்காசிக்கு அருகில் ஒரு சிற்றூரில் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பத்திர எழுத்தராக இருக்கிறேன். சொத்து வாங்க வருகிறவரிடம், பேச்சு முடிப்பதற்கு முன்னால் வில்லங்கம் போட்டுப் பாருங்கள் என்று சொல்வது எங்கள் தொழிலின் முதல் வழக்கம். பதினேழு வயதில் தொடங்கிய புகைப் பழக்கத்துக்கு நான் வில்லங்கம் போட்டுப் பார்த்ததோ 2022-ஆம் ஆண்டு, நாற்பத்தேழாவது வயதில். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. புகையிலையில் நம்மை அடிமைப்படுத்தும் பொருளான நிக்கோட்டினும், அது எரிந்து வரும் புகையும் ஒரே கூட்டுப் பட்டாவில் கிடக்கின்றன. அவற்றைப் பாகம் பிரித்துவிட முடியும். முதலில் புகையை மட்டும் விட்டுவிட்டு, நிக்கோட்டினை வேறு வழியில் எடுத்துக்கொண்டு, பிறகு அதையும் மெல்லக் குறைக்கலாம். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு முப்பது ஆண்டுகளும் ஐந்து தோல்விகளும் தேவைப்பட்டன.

எங்கள் வீட்டில் புகையிலைதான் சோறு போட்டது. அம்மா பீடி சுற்றினார். பாவூர்சத்திரம், ஆலங்குளம், முக்கூடல் என்று எங்கள் பக்கத்து ஊர்களில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், மடியில் சுளகை வைத்துக்கொண்டு பெண்கள் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்த காலம் அது. தளர்வாக வந்துவிட்டதென்று அம்மா ஒதுக்கி வைத்த பீடிகளில் ஒன்றுதான் நான் பிடித்த முதல் பீடி. பீடி சிறியது, இலையில் சுற்றியது, ஆகவே சிகரெட்டைவிடக் கெடுதல் குறைவு என்று எங்கள் ஊரில் இன்றும் நம்புகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. பீடியில் தூள் குறைவுதான் என்றாலும், பீடி இலை சிகரெட் தாளைப் போலக் காற்றை உள்ளே விடுவதில்லை. அணைந்துவிடாமலிருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் அந்தக் கொஞ்சத் தூளிலிருந்தே சிகரெட்டுக்குச் சமமாகவும் அதற்கு மேலாகவும், தார் என்னும் கரும்பிசினும் கார்பன் மோனாக்சைடும் நிக்கோட்டினும் உள்ளே போகின்றன. தொழிலுக்கு வந்த பின் பீடி கௌரவக் குறைச்சலாகத் தோன்றியதால் சிகரெட்டுக்கு மாறினேன். கட்சிக்காரர் வந்தால் ஒரு தேநீர், ஒரு சிகரெட். பதிவு அலுவலகத்தில் டோக்கன் எண் கூப்பிடும்வரை இன்னொன்று. இப்படி நாளொன்றுக்குப் பதினைந்துக்குக் குறையாமல் ஓடியது.

முதல் தோல்வி 2012 பொங்கலன்று தொடங்கியது. எந்தத் துணையும் இல்லாமல், வைராக்கியம் ஒன்றையே நம்பி, ஒரேயடியாக நிறுத்தினேன். ஒன்பது நாள் தாங்கியது. ஒன்பதாம் நாள் ஒரு கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதும்போது கிழக்கையும் மேற்கையும் மாற்றி எழுதிவிட்டேன். அது பதிவும் ஆகிவிட்டது. பிழைத்திருத்தல் பத்திரத்தின் செலவு முழுவதையும் நானே ஏற்றுக்கொண்டு, அன்று மாலையே ஒரு பாக்கெட் வாங்கினேன். மனம் ஒருமைப்படாமை, எரிச்சல், தூக்கமின்மை ஆகியவையெல்லாம் என் குணக்கேடு என்று அப்போது நினைத்தேன். அவை நிக்கோட்டின் கிடைக்காத மூளையின் தவிப்பு என்பதும், முதல் சில நாட்களில் உச்சத்தில் இருந்து, மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும் என்பதும் பிறகே தெரிந்தது.

இரண்டாவதாக ‘லைட்ஸ்’ சிகரெட்டுக்கு மாறினேன். இதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. வடிகட்டிப் பகுதியில் நுண்துளைகள் போட்டு, தாரையும் நிக்கோட்டினையும் அளக்கும் சோதனை இயந்திரத்துக்குள் காற்றைக் கலந்து அனுப்பி, அளவைக் குறைத்துக் காட்டும் ஏற்பாடு அது. மனிதனோ தன் உடம்பு கேட்கும் நிக்கோட்டின் வந்து சேரும்வரை ஆழமாக இழுப்பான். நானும் இழுத்தேன்.

மூன்றாவது, கன்னத்தில் அடக்கும் பொட்டலப் புகையிலை. இதைத்தான் இன்றும் பலர் புகைக்கு மாற்று என்று நம்பி எடுக்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுவீடனில் ‘ஸ்னூஸ்’ என்று உதட்டுக்கு அடியில் வைக்கும் புகையிலை உண்டு. அங்கே ஆண்கள் பெருமளவில் சிகரெட்டிலிருந்து அதற்கு மாறியிருக்கிறார்கள். நுரையீரல் புற்றுநோயும் அவர்களிடையே குறைவு. ஆனால் அது ஆவியில் பதப்படுத்தி, நைட்ரோசமைன் என்னும் புற்றுநோய்க் காரணிகளைக் குறைத்துச் செய்யப்படுவது. நம் ஊர்ப் பொட்டலத்தில் அந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. சுண்ணாம்பும் பாக்கும் வேறு சேர்கின்றன. வாய்ப் புற்றுநோய் நம் நாட்டில் இவ்வளவு மலிந்திருப்பதற்கு இவையே முதன்மைக் காரணம். தமிழ்நாட்டில் குட்கா வகைகளுக்கு 2013 முதல் தடை இருந்தும், எனக்குப் பொட்டலம் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. ஐந்து மாதத்தில் கீழ் ஈறோரம் ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. பல் மருத்துவர் அதைக் கண்ணாடியில் எனக்கே காட்டிவிட்டு, வேறொன்றும் பேசாமல் கையுறையைக் கழற்றினார். அன்றோடு பொட்டலம் நின்றது. திட்டு மறைய இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் சிகரெட் திரும்பியிருந்தது.

நான்காவது மின் சிகரெட். துபாயில் வேலை பார்க்கும் என் மனைவியின் தம்பி 2018-இல் ஊருக்கு வந்தபோது ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் புகையிலை எரிவதில்லை; நிக்கோட்டின் கலந்த திரவம் சூடாகி ஆவியாக வருகிறது. எரிதல் இல்லாததால் சிகரெட்டைவிடத் தீங்கு மிகக் குறைவு என்பது இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையின் நிலைப்பாடு. 2023-இல் பத்து லட்சம் புகைப்பிடிப்பவர்களுக்கு அரசே அக்கருவியைக் கொடுத்து மாறச் செய்யும் திட்டத்தையும் அங்கே அறிவித்தார்கள். இந்திய அரசு வேறு முடிவெடுத்தது. புகையையே தொட்டறியாத பிள்ளைகள் இதன் வழியாக உள்ளே வந்துவிடுவார்கள் என்ற அச்சத்தில், 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமும் பிறகு முழுச் சட்டமும் கொண்டுவந்து, உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் தடை செய்தது. இரண்டு முடிவுகளிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. கருவியைப் பிள்ளைகளின் கண்ணில் படாமல் காப்பது எவ்வளவு கடினம் என்பதை, பள்ளிக்கூட வாசலில் பெட்டிக்கடை இருக்கும் ஊரில் வாழ்கிற எவரும் அறிவர். சட்டப் பிரிவுகளை எழுதிப் பிழைக்கிற நான் தடைசெய்த பொருளைத் தேடி அலைய முடியாது. கள்ளத்தனமாகக் கிடைப்பதில் என்ன திரவம் இருக்கிறது என்பதும் யாருக்கும் தெரியாது. இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த நான்கு மாதத்திலும் வீட்டில் கருவியையும் டீக்கடையில் சிகரெட்டையும் பிடித்தேன். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறவனுக்கு அதனால் பெரிய ஆதாயம் எதுவும் கிடையாது.

ஐந்தாவது, நிக்கோட்டின் சூயிங்கம். என்னைக் கரைசேர்த்தது இதுதான் என்றாலும், முதல் தடவை இதிலும் தோற்றேன். 2 மில்லிகிராம் அட்டை ஒன்றை மருத்துவர் சீட்டு இல்லாமலே மருந்துக் கடையில் வாங்கி, தேநீரைக் குடித்துக்கொண்டே சாதாரண சூயிங்கத்தைப் போல வேகமாக மென்றேன். தொண்டை எரிந்தது, விக்கல் பிடித்தது, வயிறு புரட்டியது. சிகரெட் ஆசை மட்டும் அப்படியே இருந்தது. இது ஏமாற்று வேலை என்று முடிவுகட்டி, மீதி எட்டையும் மேசை இழுப்பறையில் எறிந்தேன்.

2022 கார்த்திகையில் இருமல் நிற்காமல் தொல்லை கொடுத்தது. சிகரெட் பாக்கெட்டின் மேல் 2018 முதல் அச்சிட்டு வருகிற 1800-11-2356 என்ற இலவச எண்ணை, நான்காண்டு கண்ணால் பார்த்துக்கொண்டே புகைத்த பிறகு, ஒரு நாள் அழைத்தேன். தமிழிலேயே பேசினார்கள். நிறுத்தும் நாளைக் குறிக்கச் சொன்னார்கள். அந்த நாளுக்கு முன்னும் பின்னும் அவர்களே திரும்ப அழைத்தார்கள். அவர்கள் சொல்லித்தான் திருநெல்வேலியில் ஓர் அரசு மருத்துவமனையின் புகையிலை நிறுத்த மையத்துக்குப் போனேன். அங்கே ஒரு சிறு கருவியில், மூச்சைப் பதினைந்து விநாடி அடக்கிவிட்டு ஊதச் சொன்னார்கள். 22 என்று எண் காட்டியது. மூச்சிலுள்ள கார்பன் மோனாக்சைடின் அளவு அது. புகைக்காதவருக்கு ஆறைத் தாண்டாது என்றார்கள். அந்த வாயுவுக்கு ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு உள்ள பிடிப்பு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் அதிகம். நான் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியதற்கு வயதுதான் காரணம் என்று நினைத்திருந்தேன்.

அங்கிருந்த ஆலோசகர் அம்மையார்தான் எனக்குப் பாகப்பிரிவினை செய்து காட்டியவர். புகையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் உள்ளன. அவற்றில் எழுபது அளவில் புற்றுநோயை உண்டாக்குபவை. இவை பெரும்பாலும் புகையிலை எரிவதால் வருபவை. மனிதனை அடிமைப்படுத்துவது நிக்கோட்டின். புற்றுநோயையும் நுரையீரல் நோயையும் கொடுத்து, மாரடைப்பிலும் பெரும்பங்கு வகிப்பது புகை. மக்கள் நிக்கோட்டினுக்காகப் புகைக்கிறார்கள், ஆனால் தாரினால் சாகிறார்கள் என்று மைக்கேல் ரஸ்ஸல் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1976-லேயே எழுதியிருக்கிறார். நிக்கோட்டின் தீங்கே அற்றது என்று இதற்குப் பொருள் அல்ல. அது இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கூட்டும். கர்ப்பிணிகளும் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. சிறுவர்கள் கையில் படவே கூடாது. புகைக்காத ஒருவர் இதைத் தொடுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

சூயிங்கம் தோற்றதன் காரணத்தையும் அவரே கண்டுபிடித்தார். எழுந்ததும் எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்று கேட்டார். பல் துலக்குவதற்கு முன் என்றேன். எழுந்த அரை மணிக்குள் புகைக்கிறவருக்கு 2 மில்லிகிராம் போதாது, 4 வேண்டும் என்று சொல்லி மருத்துவரிடம் சீட்டு எழுதி வாங்கினார். மெல்லும் முறையையும் எதிரில் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தார். மெதுவாக நாலைந்து முறை மெல்ல வேண்டும். மிளகைக் கடித்தாற்போல ஒரு காரம் எழுந்தவுடன் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கிவிட வேண்டும். காரம் தணிந்ததும் மறுபடி மென்று மறுபக்கம் ஒதுக்க வேண்டும். இப்படி அரை மணி நேரம். நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகத்தான் ரத்தத்தில் சேர வேண்டும். உமிழ்நீரோடு விழுங்கினால் விக்கலும் எரிச்சலும்தான் மிச்சம், பெரும்பகுதியைக் கல்லீரல் அழித்துவிடும். தேநீர், காபி, பழச்சாறு குடித்த வாயில் அமிலம் இருக்கும்; அதில் நிக்கோட்டின் சரியாக உறிஞ்சப்படாது; ஆகவே குடித்துக் கால் மணி நேரம் கழித்துத்தான் சூயிங்கம். நான் முன்பு செய்ததில் ஒன்றுகூடச் சரியில்லை.

எனக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது அந்தக் கால் மணி நேரம்தான். தேநீரும் சிகரெட்டும் என் கைகளில் இரட்டைப் பிள்ளைகளைப் போல வளர்ந்தவை. வலக்கையில் கிளாஸ் இருக்கும்போது இடக்கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். கடைசியில் டீக்கடை அண்ணாச்சியிடமே உண்மையைச் சொல்லி, மூன்று மாதத்துக்குத் தேநீரை அலுவலகத்துக்கே அனுப்பிவிடச் சொன்னேன். “சார், ஓசியில ஒரு நல்ல காரியத்துக்குக் கூட்டாளி ஆயிட்டேன்” என்று சிரித்தார். எனக்கு உதிரி சிகரெட் விற்றவரும் அவரே.

பேட்ச் ஒன்றும் சேர்த்துக் கொடுத்தார்கள். காலையில் தோளிலோ முதுகிலோ ஒட்டிக்கொள்ளும் 21 மில்லிகிராம் பேட்ச் நாள் முழுவதும் சீராக நிக்கோட்டினை இறக்குகிறது. அதையும் மீறி எழும் திடீர் ஆசைக்குச் சூயிங்கம். ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட இரண்டையும் சேர்ப்பது நன்றாக வேலை செய்கிறது என்பது ஆய்வுகளில் உறுதியானது. எங்கள் ஊர்க் கடையில் பேட்ச் இல்லை. மருந்துக் கடைத் தம்பி திருநெல்வேலியிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். நம் வெயிலுக்கு வியர்வையில் கழன்றுவிடும் என்பதால் குளித்துத் துவட்டி, எண்ணெய் தடவாத இடத்தில் ஒட்டி, உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். வீட்டுக் குளியல் அதை ஒன்றும் செய்யாது. குற்றால அருவி செய்யும். ஒரு நாள் ஐந்தருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது முதுகில் பேட்ச் இல்லை. இரவிலும் ஒட்டியிருந்தால் விசித்திரமான கனவுகள் வந்தன. படுக்கும்போது கழற்றினேன், கனவுகள் நின்றன.

இரண்டாவது வாரம் கை நடுங்கியது, தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடத்தது. சூயிங்கத்தின் வேலை என்று நினைத்து மறுபடியும் நிறுத்தப் பார்த்தேன். காரணம் தேநீர் என்று மருத்துவர் சொன்னபோது நம்பவில்லை. புகையிலுள்ள தார்ப் பொருட்கள் கல்லீரலைத் தூண்டி, தேநீரிலுள்ள கஃபீனை வேகமாக வெளியேற்ற வைக்கின்றன. புகை நின்றதும் அந்தத் தூண்டுதல் நின்று, அதே எட்டுத் தேநீரின் கஃபீன் ரத்தத்தில் நெடுநேரம் தங்குகிறது. தேநீரை நான்காகக் குறைத்தேன், மூன்றே நாளில் நடுக்கம் போயிற்று. ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் போன்ற சில மருந்துகளை உட்கொள்பவர்களுக்கும் இதே காரணத்தால் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். ஆகவே புகையை நிறுத்துவதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

குறைத்துவிட்டேன் என்ற சமாதானம் எவ்வளவு பொய்யானது என்பதையும் அங்கேதான் அறிந்தேன். நாளுக்கு இருபது பிடிப்பவர் ஒன்றாகக் குறைத்தால் இதய நோய் ஆபத்தும் இருபதில் ஒரு பங்காகும் என்றுதான் எவரும் கணக்குப் போடுவோம். 2018-இல் வெளியான பெரிய ஆய்வுத் தொகுப்பு ஒன்றின்படி, அந்த ஒற்றைச் சிகரெட்டிலேயே இருபதின் கூடுதல் ஆபத்தில் ஏறக்குறையப் பாதி இருக்கிறது. எனவே மாற்றுப் பொருளின் பலன், முழுதாக மாறுகிறவருக்கே முழுதாகக் கிடைக்கும். ஆறாவது வாரத்தில் கடையநல்லூரில் ஒரு திருமண வீட்டில், நள்ளிரவுச் சீட்டாட்டத்தின்போது இரண்டு சிகரெட் பிடித்துவிட்டேன். பழைய ஆளாக இருந்தால் எல்லாம் பாழாயிற்று என்று மறுநாளே பாக்கெட் வாங்கியிருப்பேன். வழுக்கினால் பேட்சைக் கழற்றாதீர்கள், காலையில் வழக்கம்போலத் தொடருங்கள் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். தொடர்ந்தேன். மறு வாரம் ஊதியபோது கருவி 3 காட்டியது.

பன்னிரண்டு வாரம் என்பது பொதுவான கணக்கு. எனக்கு ஓராண்டுக்கும் மேல் ஆயிற்று. பேட்ச் மூன்று மாதத்தில் 14, 7 என்று இறங்கி முடிந்தது, சூயிங்கம்தான் விடவில்லை. “பீடி போச்சு, சிகரெட் போச்சு, இப்ப மாடு மாதிரி அசை போடுறீங்களே, இதை எப்பங்க விடுவீங்க?” என்று மனைவி கேட்பார். எனக்கும் வெட்கமாகவே இருந்தது. மருத்துவரிடம் கேட்டபோது, அவசரப்பட்டு இதை விட்டுவிட்டுச் சிகரெட்டுக்குத் திரும்புவதைவிட இன்னும் ஆறு மாதம் மெல்வது எவ்வளவோ மேல் என்றார். 4-லிருந்து 2 மில்லிகிராமுக்கு வந்தேன். பிறகு ஒன்றுவிட்டு ஒரு தடவை ஏலக்காய் அல்லது காய்ந்த நெல்லிக்காய். நான் வாங்கிய காலத்தில் ஒரு சூயிங்கம் ஏறத்தாழப் பத்து ரூபாய். நாளுக்குப் பத்து என்றால் நூறு ரூபாய் என்று மலைப்பாகத்தான் இருக்கும். பதினைந்து சிகரெட்டின் விலை அதைவிட இரு மடங்குக்கும் அதிகம் என்பதை முப்பது ஆண்டுகளில் ஒரு நாளும் நான் கூட்டிப் பார்த்ததில்லை. 2024 சித்திரையில் கடைசிச் சூயிங்கம் எது என்று எனக்கே நினைவில்லை; இரண்டு நாள் கழித்துத்தான் மெல்ல மறந்ததைக் கவனித்தேன்.

இப்போது என் அக்காவின் கணவர் இந்த வழியில் இறங்கியிருக்கிறார். கொத்தனார், நாளுக்கு ஒரு கட்டுப் பீடி, அதாவது இருபத்தைந்து. மேல் வரிசையில் கட்டுப் பல் இருப்பதால் சூயிங்கம் ஒட்டிக்கொள்கிறது என்று முதல் நாளே எறிந்துவிட்டார். அப்படிப்பட்டவர்களுக்கு வாயில் ஒதுக்கி மெல்லக் கரைக்கும் நிக்கோட்டின் மாத்திரை உண்டு. மிட்டாயைப் போலக் கடித்துவிடாமல் கரைக்க வேண்டும் என்று நான் எதிரில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். ஐந்து வாரமாகப் பகலில் பீடி இல்லை. “ராத்திரி ரெண்டு மட்டும் மாப்ள, கணக்குல சேக்காத” என்கிறார். சேர்த்துத்தான் ஆக வேண்டும், அத்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை பதிவு எதுவும் இல்லாததால், காலை வண்டியில் அவரைத் திருநெல்வேலிக்கு அழைத்துப்போய் ஊதச் சொல்லவிருக்கிறேன்.